சும்மா இருந்த இடங்கள்

தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. இப்போதெல்லாம் நான் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் காலையில் அரை டம்ளர், மாத்திரைக்குக் கால் டம்ளர் என்று அளந்து குடித்தவன். சித்திரை வெயிலில் ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு மந்தைவெளி மாடியறையில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். அதனால் யார் தண்ணீர் கொடுத்தாலும் மனசு குளிர்ந்துவிடுகிறது, கொடுப்பவர் விசாரணை அதிகாரியாக இருந்தாலும்.

நீங்கள் மரியாதையான மனிதர், நாகராஜ் சார். மேசையைத் தட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. "எதுக்காக இப்படிப் பண்ணீங்க, ஃபிரெட்ரிக்?" என்று மட்டும் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் என் தொழிலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல், செய்ததை மட்டும் சொன்னால் அது குற்றம் மாதிரித் தெரியும். ரெக்கார்டர் ஓடுவதைப் பார்த்தேன். பின்னால் சுவரோரம் ஷில்பா மேடம் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பேச்சை எழுத்தில் இறக்கப்போவது அவர்தான் என்றீர்கள். நல்ல ஏற்பாடு. பேசியதைப் பேசியபடி எழுத அவரை விட்டால் இந்த ஊரில் ஆள் கிடையாது.

நான் பக்கம் அமைக்கிறவன். ஆராய்ச்சிக் கட்டுரை, பிஎச்.டி. ஆய்வேடு, பல்கலைக்கழகப் புத்தகம், இவைதான் என் பிழைப்பு. ஆபீஸ் கடிதம் அடிக்கிற சாஃப்ட்வேரில் இல்லை, லேடெக்கில். அதில் அடிக்க அடிக்கப் பக்கம் கண்ணில் தெரியாது. கட்டளைகளாக எழுதிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் அது தானே கணக்குப் போட்டுப் பக்கத்தைக் கட்டிக் கொடுக்கும். கணித ஆட்களுக்காக உண்டானது. பிறகு குறிகளோடு மாரடிக்கிற எல்லோரும் அதற்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். வேதியியல்காரருக்கு அறுகோணம் வேண்டும், கல்வெட்டுக்காரருக்குத் தேய்ந்துபோன எழுத்தின் கீழே புள்ளி வேண்டும். அடையாற்றில் ஒரு பேராசிரியர் தலையில் கொக்கியும் வாலில் வட்டமும் உள்ள அம்புக்குறி கேட்டார். உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் அது தேவை. செய்து கொடுத்தேன். அவர் ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பி வைத்தார்.

லேடெக்கில் ஒரு வசதி உண்டு. ஒரு குறிக்குப் பெயர் வைத்து, அது அச்சில் எப்படி வர வேண்டும் என்று ஒரே ஒரு இடத்தில் எழுதிவிட்டால் போதும். அதை மேக்ரோ என்போம். அப்புறம் அந்தப் பெயர் வருகிற இடத்திலெல்லாம் குறி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஒரு இடத்தில் கை வைத்தால் புத்தகம் முழுக்க மாறிவிடும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சார்.

ஷில்பா மேடம் மொழியியல் ஆராய்ச்சியாளர். மனிதர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதைவிட எப்படிப் பேசுகிறார்கள் என்பதில்தான் அவருக்கு அக்கறை. பேசுகிறவர் மூச்சை இழுத்தால் அதற்கு ஒரு குறி, குரல் ஏறினால் மேல்நோக்கி ஓர் அம்பு, ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் ஏறி விழுந்தால் சதுர அடைப்பு. ஒன்றும் பேசாமல் இருந்தால், எத்தனை விநாடி என்று பிறை அடைப்புக்குள் ஓர் எண். முதல் ஃபைல் வந்தபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சும்மா இருந்ததையுமா மேடம் அச்சடிக்கணும்?" என்று போனில் கேட்டேன். "ஃபிரெட்ரிக் சார், சும்மா இருக்கறதுலதான் சார் விஷயமே இருக்கு," என்றார். சில வருடங்களாக அவருக்கு வேலை செய்கிறேன். எல்லாமே மெயிலிலும் போனிலும்தான். என் குரல் அவருக்குத் தெரியும், முகம் தெரியாது.

பிறகு அந்த மருத்துவமனைத் திட்டம் வந்தது. சொந்தக்காரருக்குக் கிட்னி கொடுக்க வருகிறவரைத் தனியே உட்காரவைத்து, மனசாரக் கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். குழு ஒன்று அந்தப் பேட்டியைப் பார்த்துவிட்டு அனுமதி தரும். இதில் சிக்கல் என்னவென்றால், எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். சரி, சம்மதம், என் இஷ்டம்தான். கதவுக்கு வெளியே மொத்தக் குடும்பமும் காத்திருக்கும்போது எந்தப் பெண் மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லுவாள்? அதனால் ஷில்பா மேடம் ஒரு யோசனை சொன்னார். பேட்டியை அவருடைய குறிகளோடு எழுதி, அச்சடித்துக் குழுவின் முன்னால் வைப்பது. என்ன சொன்னார்கள் என்பதோடு, சொல்வதற்கு முன்னால் எவ்வளவு நேரம் சும்மா இருந்தார்கள் என்பதும் குழுவுக்குத் தெரியும்.

ஒவ்வொரு பேட்டியின் தொடக்கத்திலும் ஆலோசகர் நாலு வரி வாசிப்பார். அதையும் ஷில்பா மேடம்தான் எழுதிக் கொடுத்தார். "பதில் சொல்ல முடியலைன்னா சும்மா இருங்க. நீங்க சும்மா இருக்கறதையும் நாங்க எழுதிக்குவோம். அதைப் படிச்சுட்டு உங்களை இன்னொரு நாள் தனியா கூப்பிடுவோம். வீட்ல யாருக்கும் தெரியாது." எல்லா ஃபைலிலும் இதே வரிகள் வருவதால் அதற்கும் ஒரு மேக்ரோ செய்து வைத்திருந்தேன். எனக்கு மனப்பாடம்.

குழுவில் இருப்பவர்கள் பெரிய டாக்டர்கள், நேரமில்லாதவர்கள். பிறை அடைப்புக்குள் இருக்கிற எண்களையெல்லாம் தேடிப் படிப்பார்களா? அதற்கு வழி சொன்னது நான். சும்மா இருந்த நேரம் ஓர் அளவைத் தாண்டினால், பக்கத்தின் ஓரத்தில் தானாகவே ஒரு கறுப்புக் கோடு விழுகிற மாதிரி மேக்ரோ எழுதினேன். மௌனம் என்றே அதற்குப் பெயர் வைத்தேன். கோடு மெலிந்தால் கண்ணில் படாது. தடித்தால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தடிமனைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கோடு விழுந்த ஆளை மறுபடி கூப்பிடுவார்கள். அவர் தயங்கித் தயங்கி மாட்டேன் என்று சொன்னால், மருத்துவமனையே ஏதோ ஒரு டெஸ்ட்டைக் காரணம் காட்டி, பொருந்தவில்லை என்று குடும்பத்தாரிடம் சொல்லிவிடும். அழகான ஏற்பாடு. எத்தனையோ பெண்கள் அந்தக் கோட்டால் தப்பித்திருக்கிறார்கள். அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

இப்போது என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கிட்னியில் நீர்க்கட்டி வளர்கிற வியாதி உண்டு. அப்பாவுக்கு இருந்தது, எனக்கு வந்தது. பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வரலாம் என்பார்கள். கட்டிகள் பெருத்துப் பெருத்து ஒரு கட்டத்தில் கிட்னி வேலையை நிறுத்திவிடும். ஆழ்வார்பேட்டையில் டயாலிசிஸ். கையில் ஊசியோடு, மடியில் லேப்டாப்போடு, ஷில்பா மேடத்தின் ஃபைல்களை அங்கேயே முடித்திருக்கிறேன். அவரிடம் நோயைப் பற்றிச் சொன்னதில்லை. வேலை மெயிலில் சொந்தக் கதை எழுதுவது எனக்குப் பிடிக்காது.

என் மனைவி டோரதியின் ரத்தம் எனக்குப் பொருந்தியது. பொருந்தும் என்று தெரிந்த வாரமே எங்கள் அன்பியக் கூட்டத்தில் சொன்னேன். அன்பியம் என்றால் எங்கள் சர்ச் பங்கில் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெபம் சொல்கிற குழு. அவர்கள் ஃபாதரிடம் சொல்ல, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அது மன்றாட்டுக் கருத்தாக வாசிக்கப்பட்டது. "கணவர் ஃபிரெட்ரிக்குக்காகத் தம் சிறுநீரகத்தைத் தானமாக வழங்கும் டோரதி அவர்களுக்காக." டோரதி என் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். அவளிடம் அதுவரை நான் கேட்டிருக்கவில்லை. கேட்கலாம் என்றுதான் இருந்தேன். பூசை முடிந்ததும் பெண்கள் வரிசையாக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாடற்குழு ஆரோக்கியநாதன், "சிஸ்டர், நீங்க உயிரோட இருக்கற புனிதை," என்று கண் கலங்கினார். டோரதி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து வஞ்சிரத்துக்கு மசாலா தடவிக்கொண்டே, "என்னங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள்.

"கேக்காம என்ன? மொதல்ல ஆண்டவர்கிட்ட வேண்டிக்கிட்டா நல்லதுன்னு பார்த்தேன்," என்றேன்.

கொஞ்ச நாள் கழித்து, "சோஃபியாவுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா?" என்று கேட்டாள். சோஃபியா எங்கள் ஒரே மகள், வேளச்சேரியில் ஐ.டி. கம்பெனி வேலை. எடுத்தோம். இரண்டு கிட்னியிலும் சின்னச் சின்னக் கட்டிகள். இப்போதைக்குப் பயமில்லை, பிற்காலத்தில் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அன்று ரயிலில் திரும்பும்போது டோரதி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்: "எங்கிட்ட குடுக்க இருக்கறது ஒண்ணுதாங்க. நாளைக்கு இவளுக்கு வேணும்னா நான் எங்க போவேன்?"

"அதுக்குள்ள சயின்ஸ் எங்கயோ போயிருக்கும்," என்றேன். எனக்கு அதில் முழு நம்பிக்கை. சோஃபியாவும் பெருந்தன்மையான பெண். "டாடிக்குக் குடு மம்மி, என்னுத அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு சொன்னாள். ஆனால் சொன்னாள்.

பேட்டிக்கு டோரதியைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் முதுகும், மடியில் இருந்த கைப்பையும் தெரிந்தன. வெகுநேரம் அவள் தலை அசையவே இல்லை. ஆலோசகர் ஏதோ படிவம் வாசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்தவளிடம், "என்ன கேட்டாங்க, என்ன சொன்ன?" என்றேன். "சரின்னுட்டேன்," என்றாள். அன்று கேன்டீனில் இரண்டு பிளேட் இட்லி சாப்பிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு தெளிவு. பாரத்தை இறக்கி வைத்த மாதிரி வீடு வரை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அந்த மாத ஃபைல்கள் ஷில்பா மேடத்திடமிருந்து வந்தன. மருத்துவமனை பெயர்களை எடுத்துவிட்டுத்தான் அவருக்கே கொடுக்கும். யார் எவர் என்று அவருக்கும் தெரியாது, ஒலியைக் கேட்டு எழுதுகிற அவருடைய மாணவர்களுக்கும் தெரியாது. வழக்கம்போல ஒவ்வொன்றாக ஓட்டிப் பிடிஎஃப் எடுத்தேன். மூன்றாவதோ நான்காவதோ திறந்தபோது, ஓரம் முழுக்கக் கறுப்பு. மேலிருந்து கீழ் வரை கோட்டின்கீழ் கோடு. அவ்வளவு இருட்டான பக்கத்தை அதுவரை நான் பார்த்ததில்லை.

யாராவது வற்புறுத்தினாங்களா என்று ஆலோசகர் கேட்கிறார். பிறை அடைப்புக்குள் ஏழு விநாடி. பிறகு, "இல்ல." முழு மனசோடதானே குடுக்கறீங்க என்று கேட்கிறார். பன்னிரண்டு விநாடி. பிறகு, "சரி."

இதில் யார் என்று கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்பீர்கள். இல்ல, சரி என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நான் கண்டுபிடித்தது அந்தப் பன்னிரண்டு விநாடியை வைத்து. கல்யாணமான நாளிலிருந்து அதோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். என் அக்காவை நம்மோடு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது அதே அளவு. அவள் டீச்சர் வேலையை விட்டுவிடச் சொன்னபோது அதே அளவு. மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். அப்புறம் சரி என்பாள், துணியை மடிப்பாள். அவளுடைய வார்த்தைகளை நான் மறந்திருக்கலாம். அவள் சும்மா இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நிமிஷத்தில் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. என்னிடம் ஒரு மாதிரி, அவர்களிடம் ஒரு மாதிரியா? கேன்டீனில் இட்லி சாப்பிட்ட முகம் நினைவுக்கு வந்தது. அதைவிடப் பயம் வந்தது. அன்று சாயங்காலம் டயாலிசிஸ் இருந்தது. அங்கே என் பக்கத்து நாற்காலியில் வழக்கமாக உட்காருகிற அப்துல் சமத் பாய் இரண்டு வாரமாக வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சார், நான் அவசரப்பட்டு எதையும் செய்யவில்லை. நிதானமாக யோசித்தேன். மௌனம் என்பது என்ன? அது வார்த்தை இல்லை. அதற்கு அர்த்தம் இவ்வளவுதான் என்று அகராதி கிடையாது. கேஸை அணைத்துவிட்டு வந்தோமா என்று அவள் யோசித்திருக்கலாம். ஏ.சி. குளிரில் தொண்டை கட்டியிருக்கலாம். அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு ஒரு மனிதனின் உயிரோடு விளையாடுவது அறிவியல் ஆகாது. அவள் சொன்னது சரி. எழுதியிருப்பது சரி. குழு படிக்க வேண்டியதும் அதைத்தான்.

மௌனம் மேக்ரோவில் ஒரு வரி சேர்த்தேன், அவ்வளவுதான். லேடெக்கில் ஒரு கட்டளை உண்டு: ஒன்றை அச்சில் காட்டாது, ஆனால் அது பிடித்திருக்கிற இடத்தை மட்டும் அப்படியே காலியாக விட்டுவைக்கும். வரிகள் நகர்ந்துவிடக் கூடாதே என்று எங்கள் தொழிலில் அடிக்கடி பயன்படுத்துவது. அதைத்தான் போட்டேன். எண்ணும் வரவில்லை, கோடும் வரவில்லை. இன்றைக்கும் அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள், அவள் சும்மா இருந்த ஒவ்வொரு விநாடியும் அதில் பத்திரமாக இருக்கிறது. நான் ஒன்றையும் அழிக்கவில்லை, ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. அவளுடைய மௌனத்துக்கான இடத்தையும் ஒரு மயிரிழை குறைக்கவில்லை.

ஷில்பா மேடம் மேல் தப்புச் சொல்லாதீர்கள். ஃபைலில் எழுதியிருப்பதை ஒலியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வேலை. அதில் எல்லாம் சரியாக இருந்தது. அச்சுக்குப் போகிற பக்கத்தைப் பார்ப்பது என் பொறுப்பு என்று நம்பி விட்டிருந்தார்.

ஒரு சங்கடம் இருந்தது. அந்த மாதக் கட்டில் ஒரு பேட்டி மட்டும் துடைத்து வைத்த மாதிரி இருந்தால் யாராவது சந்தேகப்படலாம். அதோடு, ஒருவருக்கு ஒரு நியாயம் இன்னொருவருக்கு ஒரு நியாயம் என்பது எனக்கு ஒத்துவராது. அதனால் அந்த வரியை எல்லா ஃபைலுக்கும் பொதுவான இடத்தில் எழுதினேன். மொத்தக் கட்டும் சுத்தமாகிவிட்டது. அதில் மீன் விற்கிற அம்மா ஒருத்தர் இருந்தார், பேச்சிலேயே தெரிந்தது. அண்ணனுக்குக் கொடுக்க வந்தவர். "இன்னா சொல்ல சொல்றீங்க நைனா, குடுன்றாங்க, குடுக்கறேன்," என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்கு டோரதியைவிட நீளமாகச் சும்மா இருந்திருந்தார். அவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பிறகு என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவில்லை. மற்றவர்கள் மருத்துவ விவரங்களில் மூக்கை நுழைப்பது முறையில்லை.

குழுவிலிருந்து ஷில்பா மேடத்துக்கு ஒரு பாராட்டு வந்தது. இந்த முறை பக்கங்கள் படிக்க மிகவும் இலகுவாக இருந்தன, கொடையாளர்களும் தெளிவாகப் பேசியிருக்கிறார்கள் என்று. அவர் எனக்கு அதை அப்படியே அனுப்பி, "பாராட்டு உங்களுக்குத்தான் சார்," என்று கீழே எழுதியிருந்தார். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, மேடம்? பதில் எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில் டோரதி போனைக் கையிலேயே வைத்திருந்தாள். மருத்துவமனை நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் பால்கனிக்கு எடுத்துக்கொண்டு போவாள். திரும்பி வந்து, "பிளட் டெஸ்ட்டுக்கு வரச் சொல்றாங்க," என்பாள். ஒவ்வொரு முறையும் அவள் குரல் கொஞ்சம் இறங்கும். அட்மிட் ஆன பிறகு, வார்டு கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஃபாதரைத்தான் எதிர்பார்க்கிறாள் என்று நினைத்து நானே சொல்லி வரவழைத்தேன். அவர் கையால் நற்கருணை அப்பம் வாங்கிக்கொண்டாள். அவர் போனதும், "வேற யாராவது வருவாங்களா?" என்று என்னைக் கேட்டாள். வேறு யார் வர வேண்டும் என்றேன். மறுபடி கதவைப் பார்த்தாள்.

தியேட்டருக்கு அவளைத்தான் முதலில் தள்ளிக்கொண்டு போனார்கள். என் கட்டிலுக்கு அருகில் ஸ்ட்ரெச்சர் ஒரு நிமிஷம் நின்றது. டோரதி நர்ஸின் கையைப் பிடித்து இழுத்து, "சிஸ்டர், எங்கிட்ட இன்னொரு தடவ யாரும் எதுவும் கேக்க மாட்டாங்களா?" என்றாள்.

"கேக்கறதெல்லாம் முடிஞ்சுதும்மா. பயப்படாதீங்க, கண்ண மூடிக்குங்க," என்றாள் அந்த மலையாளப் பெண், அன்பாக.

எல்லாம் நல்லபடியாக நடந்தது. நான் கண் விழித்த மறுநாள் ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அந்த ருசியை உங்களுக்குச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை, சார். அழுதுவிட்டேன். பக்கத்து அறையிலிருந்த டோரதிக்கு நர்ஸ் மூலம் நன்றி சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் குறை ஒன்றும் சொல்லவில்லை. சமைத்தாள், என் மாத்திரைகளை எடுத்து வைத்தாள். குழுவினர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்திருக்கிறார்கள், தன் மௌனம் போதவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சில மாதம் கழித்து, கொடுத்தவர்களை வீட்டில் பார்த்துப் பேச மருத்துவமனை சார்பில் ஒருவர் வருவார் என்று தகவல் வந்தது. வந்தவர் ரெக்கார்டரை மேசைமேல் வைத்துவிட்டு டோரதியின் எதிரே உட்கார்ந்தார். நான் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தேன். உடம்பு எப்படி இருக்கிறது, வலி உண்டா என்றெல்லாம் கேட்டார். டோரதி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு அவளாகவே ஒன்று கேட்டாள்.

"நான் சும்மா இருந்தேனேம்மா. அவங்க வாசிச்சுச் சொன்ன மாதிரியே சும்மா இருந்தேன். உங்களுக்குக் கேக்கலையா?"

வந்தவர் ரெக்கார்டரைப் பார்த்தார். நான்தான் அந்த நேரத்தில், "மேடம், சர்க்கரை போடலாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தை அவர் பார்த்ததில்லை, ஆனால் அந்தக் குரலை எத்தனையோ முறை போனில் கேட்டிருக்கிறார். அப்புறம் அறையின் மூலையில் இருந்த என் கம்ப்யூட்டரைப் பார்த்தார். காபியை அவர் குடிக்கவில்லை. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

டோரதி இப்போது அசோக் நகரில் தம்பி வீட்டில் இருக்கிறாள். சோஃபியாவும் அங்கேதான். போன மாதம் அவளுக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தார்களாம், கட்டிகள் கொஞ்சம் வளர்ந்திருக்கின்றன என்று மைத்துனன் சொன்னான். அவனாகப் பேச மாட்டான், நான்தான் போன் செய்து கேட்டேன். வீட்டில் டோரதியின் நாற்காலியை நகர்த்தவில்லை. அவள் தட்டைக் கழுவி அவள் இடத்தில் வைக்கிறேன். அவள் திரும்பி வரும்போது எதுவும் இடம் மாறியிருக்கக் கூடாது.

நீங்கள் இன்னொரு கேள்வி கேட்டீர்கள், நேரடியான கேள்வி. "உங்க மனைவி வேணாம்னுதான் சும்மா இருந்தாங்கன்னு, பொண்ணுக்காகத்தான் சும்மா இருந்தாங்கன்னு, அந்த வரியை எழுதும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

இந்த பாட்டிலில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. இன்னொன்று கிடைக்குமா?

தெரியும், சார். அந்தக் கோடு அச்சில் வந்திருந்தால் அவளைத் தனியாகக் கூப்பிட்டிருப்பார்கள், அவள் மாட்டேன் என்று சொல்லியிருப்பாள். அதுவும் தெரியும். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

ஷில்பா மேடம், உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சார் இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன் இல்லையா? தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன், வேறொன்றுமில்லை. எழுதும்போது அதைப் போட வேண்டாம். படிக்கிறவர்கள் அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.